ஜீன் கதவைச் சாத்தியதே சரி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, படம் பார்த்த கையோடு வாதத்தையும் கேட்க உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"குடியில் விழுந்த பாடகனை மீட்பது அரவணைப்பா, கண்டிப்பா?" இதுதான் இன்றைய தலைப்பு. பேட் ப்ளேக் என்ற குடிகாரப் பாடகரும் அவர் நேசிக்கும் ஜீன் என்ற பெண்ணும் வரும் 'க்ரேஸி ஹார்ட்' படத்தை முன்வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். "திருந்த வேண்டும் என்ற எண்ணமே ஜீனைப் பார்த்த பிறகுதானே பேட் ப்ளேக்குக்கு வந்தது? அப்படியிருக்க, அவன் தடுமாறிய ஒரே ஒரு நாளில் அவனை விட்டுவிட்டுப் போனாளே, அது நியாயமா?" என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் அது "ஒரே ஒரு நாள்" இல்லை நடுவர் அவர்களே. அந்த ஒரு நாளுக்குப் பின்னால் எத்தனை வருஷம் இருந்தது, அத்தனை வருஷமும் அவரைச் சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எடுத்துச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் வந்த அமெரிக்கப் படம். ஸ்காட் கூப்பர் இயக்கிய முதல் படம். ஜெஃப் பிரிட்ஜஸ்தான் பேட் ப்ளேக். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த கன்ட்ரி பாடகர், அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசைப் பாடகர். இப்போது வயது 57. ஒரு பழைய சபர்பன் வண்டியில் கிடாரைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஒவ்வொரு ஊரிலும் கிடைக்கிற வாத்தியக்காரர்களை வைத்துப் பாடுகிறார். சாண்டா ஃபே நகரில் ஜீன் கிராடக் என்ற பத்திரிகையாளர் அவரைப் பேட்டி எடுக்க வருகிறார். நாலு வயது மகனைத் தனியாக வளர்க்கும் பெண். இருவருக்கும் நெருக்கம் உண்டாகிறது. கடைசியில் அவர் குடியை விடுகிறார், ஆனால் ஜீன் அவருக்குக் கிடைப்பதில்லை. இந்த வேடத்துக்காக பிரிட்ஜஸுக்கு 2010-இல் ஆஸ்கர் கிடைத்தது. படத்தின் முக்கியமான பாட்டுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

சரி, முதல் காட்சிக்கு வருகிறேன். இத்தனை பெரிய பாடகருக்குக் கச்சேரி எங்கே? பௌலிங் விளையாடுகிற கூடத்தில். வண்டியை நிறுத்தி இறங்குகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி. அதில் இருக்கும் சிறுநீரை வாகன நிறுத்தத்திலேயே கொட்டுகிறார். நெடுந்தூரம் ஓட்டி வந்தவர், வழியில் எங்கும் நிறுத்தவில்லை என்பது அந்த ஒரு செய்கையிலேயே புரிந்துவிடுகிறது. உள்ளே போனதும் மேலாளர் சொல்கிறார்: பௌலிங் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம், ஆனால் பாரில் கணக்கு வைத்துக் குடிக்க முடியாது.

கையில் காசில்லை. அப்படியானால் அன்றைக்கு விஸ்கி எங்கிருந்து வந்தது? மதுக்கடைக்குப் போகிறார். கடைக்காரருக்கு இவரை அடையாளம் தெரிந்துவிடுகிறது. பரம ரசிகர். உள்ளம் குளிர்ந்துபோய் ஒரு பாட்டிலை இலவசமாகவே எடுத்துக் கொடுக்கிறார். ராத்திரிக் கச்சேரியில் என் மனைவிக்காக ஒரு பாட்டு பாட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். ராத்திரி ஒரு பாட்டின் பாதியிலேயே பேட் ப்ளேக் மேடையை விட்டு இறங்கிப் பின்கதவு வழியாக ஓடுகிறார். வெளியே இருந்த குப்பைத் தொட்டியில் வாந்தி எடுக்கிறார். போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியும் அதற்குள் விழுந்துவிடுகிறது. கையை விட்டுத் துழாவி எடுத்து, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, மறுபடி மேடையேறுகிறார்.

அந்தக் கடைக்காரர் கெட்டவரா? இல்லவே இல்லை. அவர் காட்டியது கலப்படமில்லாத அன்பு. அந்த அன்புதான் அன்று ராத்திரி குப்பைத் தொட்டியில் போய் முடிந்தது. எதிரணி நண்பர்கள் அரவணைப்பு, அரவணைப்பு என்கிறீர்களே, படம் தொடங்கிப் பத்து இருபது நிமிஷத்துக்குள் அரவணைப்பு என்ன செய்யும் என்று இயக்குநர் காட்டிவிட்டார்! அந்த ஊரில் ரசிகர்கள் அவரைத் தேடி வருகிறார்கள், வாங்கிக் கொடுக்கிறார்கள், அறை வரைக்கும் கூட வருகிறார்கள். வாந்தி எடுத்துவிட்டு வந்தவரிடம், "ஐயா, போதும், இன்றைக்குப் பாட வேண்டாம்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார், கச்சேரி நின்றுவிடும், நாலு பேர் முகம் சுளிப்பார்கள். அவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. தடுக்கத்தான் ஆள் இல்லை.

அப்படி முதலில் தடுத்தவர் ஜீன். அதையும் எப்படிச் செய்தார் பாருங்கள். பேட் ப்ளேக் வண்டியோட்டும்போது கண்ணயர்ந்து, வண்டி சாலையை விட்டு இறங்கி, கணுக்கால் உடைந்து மருத்துவமனையில் கிடக்கிறார். மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார்: குடியை விடு, சிகரெட்டை விடு, எடையைக் குறை, இல்லாவிட்டால் பிழைக்க மாட்டாய். அந்த நிலையில் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஜீன்தான். எதிரணியினர் மறந்துவிட்ட இடம் இது. ஜீன் அரவணைக்காமல் இல்லை. ஆனால் அந்த அரவணைப்பில் ஒரு நிபந்தனை இருந்தது: என் பிள்ளைக்கு முன்னால் குடிக்கக் கூடாது. அவ்வளவுதான். முழுக்க விட்டுவிடு என்றுகூடக் கேட்கவில்லை. அவரும் சரி என்றார்.

அந்த ஒரே ஒரு நிபந்தனைதான் ஹூஸ்டனில் உடைந்தது.

அந்தக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விடுங்கள். ஜீன் மகனோடு ஹூஸ்டனுக்கு வந்திருக்கிறார். பேட் ப்ளேக் பையனை வெளியே அழைத்துப் போகிறார். பையனுக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். வணிக வளாகத்துக்குள் நடக்கிறார்கள். அங்கே ஒரு பார். உள்ளே போய் ஒரு கிளாஸ் கேட்கிறார். திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம். அத்தனை பெரிய வளாகத்தில், கடை கடையாக, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடுகிறார். காவலாளிகள் வருகிறார்கள், ஜீன் பதறிக்கொண்டு வருகிறார். கடைசியில் பையன் கிடைத்துவிடுகிறான். ஒரு கீறல்கூட இல்லை.

"கிடைத்துவிட்டானே, அப்புறம் என்ன?" என்று எதிரணி அம்மையார் கேட்டார். பிள்ளை பெற்றவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை கிடைத்துவிட்டான் என்பதால் அந்த அரை மணி நேரத்தை மறந்துவிடுவீர்களா? பேட் ப்ளேக் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அந்தப் பையன்மேல் அவருக்கு உயிர். உயிராக நேசிக்கும் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதும் அந்தக் கிளாஸ் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதே, அதுதான் ஜீனுக்கு விழுந்த அடி. இவர் என்னை நேசிக்கிறாரா இல்லையா என்பது இனிமேல் கேள்வியே இல்லை, நேசம் இருந்தும் போதவில்லை என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேட் ப்ளேக்குக்குச் சொந்த மகன் ஒருவன் உண்டு. அவனை விட்டு வரும்போது அவனுக்கு வயது நாலு. இப்போது 28. இடையில் இவர் அவனைப் பார்க்கவே இல்லை. ஒரு நாள் துணிந்து போன் செய்கிறார். அம்மா இறந்துவிட்டாள் என்று அவன் சொல்கிறான், போனை வைத்துவிடுகிறான். அங்கே நாலு வயதில் தொலைந்த பிள்ளை, இங்கே நாலு வயதில் தொலையப் பார்த்த பிள்ளை. கதை எழுதியவர் இரண்டு பையன்களுக்கும் ஒரே வயதைச் சும்மா வைக்கவில்லை. முதல் பிள்ளை விஷயத்தில் நடந்தது இரண்டாவது பிள்ளைக்கும் நடக்கும் என்பதை ஜீன் பார்த்துவிட்டார். அவர் மட்டும் தனியாள் என்றால் இன்னும் நாலு வாய்ப்புக் கொடுத்திருப்பாரோ என்னவோ. ஒரு தாய்க்கு அந்த உரிமை கிடையாது.

ஜீன் போன பிறகு என்ன நடக்கிறது? பேட் ப்ளேக் மறுபடி குடிக்கிறார், உருக்குலைந்து கிடக்கிறார். பிறகு ஹூஸ்டனில் பார் வைத்திருக்கும் தன் பழைய நண்பர் வேய்னைக் கூப்பிட்டு, குடியை விட வேண்டும் என்கிறார். வேய்ன் அவரைச் சிகிச்சை இல்லத்தில் சேர்க்கிறார். எதிரணித் தலைவர் இங்கே ஒரு வாதம் வைத்தார்: "பார்த்தீர்களா, கைதூக்கிவிட்டது வேய்னின் நட்பு, அதுவும் அரவணைப்புத்தானே?" என்று. ஐயா, வேய்ன் நல்ல நண்பர், மறுக்கவில்லை. ஆனால் வேய்ன் அன்றைக்குப் புதிதாக வந்த நண்பரா? அவருடைய அக்கறை முன்பிருந்தே அங்கேயே இருந்தது. இத்தனை நாள் இருந்த நட்பால் வராத அந்த போன், ஜீன் போன பிறகு ஏன் வந்தது? அந்தக் கேள்விக்கு உங்கள் அணியிலிருந்து இதுவரை பதில் வரவில்லை. கைதூக்கிவிட ஆள் வேண்டும்தான். கையை நீட்ட வைத்தது யார் என்பதுதான் இன்றைய வழக்கு.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் 'டெண்டர் மெர்சீஸ்' படத்தைக் கொண்டுவந்தார். 1983-இல் வந்த படம். ராபர்ட் டுவால் மேக் ஸ்லெட்ஜ் என்ற குடிகார கன்ட்ரி பாடகராக நடித்து ஆஸ்கர் வாங்கினார். 'க்ரேஸி ஹார்ட்'டில் வேய்னாக வருபவரும் அவரேதான். தம்பி சொன்னது என்ன? "டெக்ஸஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் சின்ன மோட்டலும் பெட்ரோல் பங்கும் நடத்தும் விதவை ரோஸா லீ, குடித்துவிட்டு விழுந்துகிடந்த மேக்கைத் தெருவில் தள்ளவில்லை. தங்க இடம் கொடுத்தாள், பிறகு வாழ்க்கையையே கொடுத்தாள். அவர் திருந்தினார். இது அரவணைப்பின் வெற்றி" என்றார்.

தம்பி, அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு 'க்ரேஸி ஹார்ட்'டைவிட அதுதான் ஒரு படி மேல். நீங்கள் விட்டுவிட்ட இடத்தை மட்டும் சொல்கிறேன். அறைக்குக் கொடுக்கக் காசில்லை என்று மேக் நிற்கும்போது ரோஸா லீ, "பரவாயில்லை, சும்மா இருங்கள்" என்று சொல்லவில்லை. வேலை செய், தங்கிக்கொள், சாப்பிடு, வேலை செய்யும்போது குடிக்கக் கூடாது, இதுதான் பேச்சு. வியட்நாம் போரில் கணவனை இழந்தவள். ஒரு சின்னப் பையனை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் தொழில் நடத்துகிறவள். முதல் நாளே விதியைச் சொல்லிவிடுகிறாள். குரலை உயர்த்தவில்லை, அதனால் உங்கள் காதில் அது கண்டிப்பாக விழவில்லை.

பாதிப் படத்தில் மேக்குக்கு ஓர் இக்கட்டு வருகிறது. மனசு வெறுத்துப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். ஒரு பாட்டிலும் வாங்கிவிடுகிறார். இருட்டிவிட்டது, ஆள் வரவில்லை. ரோஸா லீ வீட்டில் காத்திருக்கிறாள். அவனைத் தேடி பார் பாராக அலையவில்லை. கெஞ்சவில்லை. நேரம் கழித்து மேக் திரும்பி வருகிறார். பாட்டில் வாங்கினேன், ஆனால் கொட்டிவிட்டேன், குடிக்கவில்லை என்கிறார். அந்த பாட்டிலை யார் கொட்டினார்கள்? ரோஸா லீ பிடுங்கிக் கொட்டவில்லை. மேக் தன் கையாலேயே கொட்டினார். குடித்துவிட்டு அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அந்த நிச்சயத்தை உண்டாக்கியது எது? முதல் நாள் சொன்ன விதி. ஆக, தம்பி கொண்டுவந்த படம் எங்கள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

அடுத்து, எதிரணித் தலைவர் சொன்னதிலேயே என்னை உலுக்கிய ஒன்றுக்கு வருகிறேன். கதையை விட்டு நிஜத்துக்குப் போனார். கன்ட்ரி இசையின் மகாகவி என்று சொல்லத்தக்க ஹேங்க் வில்லியம்ஸ். "1952-இல் மனைவி விவாகரத்து செய்தாள். அதே வருஷம் ஆகஸ்டில், கன்ட்ரி பாடகர்களின் புகழ்பெற்ற நாஷ்வில் வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி அவனைக் குடிக்காக வெளியே அனுப்பியது. கண்டிப்பு மேல் கண்டிப்பு. 1953 ஜனவரி 1 அன்று 29 வயதில் செத்தான். கண்டிப்பு கொன்றுவிட்டது" என்றார். சபையே அமைதியாகிவிட்டது.

இதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கினால் என் வாதத்துக்கு மதிப்பில்லை.

ஆப்ரி அனுப்பியது உண்மை. ஆனால் அனுப்பிய பிறகு அவர் தனியாகக் கைவிடப்பட்டாரா? அந்த அக்டோபரிலேயே இரண்டாம் கல்யாணம் நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் அரங்கத்தில் டிக்கெட் போட்டு, மேடையில் வைத்து, ரசிகர்கள் முன்னால் நடந்தது. ஒரு மனுஷன் சிதைந்துகொண்டிருக்கிறான், அவன் கல்யாணத்துக்கும் டிக்கெட் விற்கிறார்கள். பிறவியிலிருந்தே முதுகெலும்புக் கோளாறு, ஓயாத வலி. அதற்கு மருந்து என்று எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் போலிப் பட்டம் வாங்கிய ஆசாமி. ஆப்ரி ஒரு கதவைச் சாத்தியது, மற்ற எல்லாக் கதவும் திறந்தே கிடந்தது. பாட வா என்று கூப்பிட ஆள் இருந்தது, ஊசி போட ஆள் இருந்தது.

கடைசி நாளைப் பாருங்கள். ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் ஊரில் புத்தாண்டுக் கச்சேரி. பனிக்காலம், விமானம் சரிப்படவில்லை. நாக்ஸ்வில் நகர ஹோட்டலில் ஒரு மருத்துவர் வந்து, வைட்டமினோடு மார்ஃபினும் கலந்த ஊசி போடுகிறார். நடக்க முடியாத நிலையில் இருந்தவரை ஹோட்டல் ஊழியர்கள் தூக்கிக்கொண்டு வந்து காடிலாக் காரின் பின் இருக்கையில் வைக்கிறார்கள். மறுநாள் மேடை ஏற வேண்டுமே! கல்லூரிப் பையன் ஒருவன் கார் ஓட்டுகிறான். மேற்கு வர்ஜீனியாவில் ஓக் ஹில் என்ற ஊரில் திரும்பிப் பார்க்கும்போது உடம்பு விறைத்திருக்கிறது.

நடக்க முடியாதவனைத் தூக்கிக் காரில் வைத்து, அடுத்த ஊருக்குப் பாட அனுப்பியது கண்டிப்பா? நடுவர் அவர்களே, அந்த ஹோட்டல் வாசலில் ஒரே ஒருவர் குறுக்கே நின்று, "இவர் இன்றைக்கு எங்கும் போகக் கூடாது, கச்சேரியை ரத்து செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கண்டிப்பு இல்லாமல்தான் அவர் போனார். மேடையை விட்டு நீக்குவதோடு கண்டிப்பு முடிந்துவிடாது. நீக்கியவர்கள் சிகிச்சைக்கு வழிகாட்டியிருக்க வேண்டும். அந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அரைகுறைக் கண்டிப்பின் குறை. அதைக் காட்டி அரவணைப்புக்கு மாலை போட முடியாது.

இதைவிட மனசை அறுக்கும் இன்னொரு கதை கீத் விட்லியுடையது. 1980-களின் அருமையான கன்ட்ரி குரல். அவர் மனைவி லாரி மார்கனும் பாடகி. ராத்திரி கணவர் எழுந்து போய்க் குடித்துவிடக் கூடாதே என்று, லாரி தன் காலையும் அவர் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தூங்குவாராம். இதற்கு மேல் ஒரு மனைவி என்ன அரவணைக்க முடியும்? 1989 மே மாதம் லாரி மார்கன் கச்சேரிக்காக அலாஸ்கா போயிருந்தார். மே 9 அன்று கீத் விட்லி வீட்டில் இறந்துகிடந்தார். காரணம், அளவுகடந்த மது.

"அவர் பக்கத்திலேயே இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே" என்று எதிரணி கேட்கலாம். அந்தக் கேள்வியை எத்தனை பேர் மனசுக்குள் கேட்டுக்கொண்டு வாழ்கிறார்கள் தெரியுமா? குடிநோயாளியின் வீட்டில் இருப்பவர்களைத் தூங்க விடாத கேள்வி அது. தயவுசெய்து அந்தப் பாரத்தை அந்தப் பெண்ணின் தோளில் வைக்காதீர்கள். அவர் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார், அதற்கு மேலும் செய்தார். காலைக் கட்டிக்கொண்டு படுத்தால் அன்றைய ராத்திரியைக் கடத்தலாம். ஒருவர் விழித்திருந்தால்தான் இன்னொருவர் உயிரோடு இருப்பார் என்றால், விழித்திருப்பவர் கண்ணயரும் நாளில் எல்லாம் முடிந்துவிடும். பேட் ப்ளேக் பிழைத்ததற்குக் காரணம், காவல் காக்க ஆள் இல்லாமல், தானே போனை எடுத்துத் தானே கேட்க வேண்டிய நிலை அவருக்கு வந்ததுதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. குடிநோயாளிகளே கூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பு 1935-இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சன். அவர் மனைவி லோயிஸ் வில்சன் வருஷக்கணக்காகக் கணவனின் குடியோடு போராடியவர். தனக்கும் உதவி தேவை என்று அவருக்குப் பிறகுதான் புரிந்தது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே 1951-இல் அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே வருகிற மனைவிக்கும் தாய்க்கும் சொல்லிக் கொடுப்பது என்ன? இந்தக் குடிக்கு நீ காரணம் இல்லை. இதை உன்னால் கட்டுப்படுத்த முடியாது. உன்னால் குணப்படுத்தவும் முடியாது. பாசத்தை விடாதே, ஆனால் விலகி நில். அவன் விழுந்தால் அவன் முதலாளிக்கு போன் செய்து, "காய்ச்சல்" என்று பொய் சொல்லாதே. அவன் கடனை நீ அடைக்காதே. குடித்துவிட்டு அவன் உடைத்ததை விடிவதற்குள் பெருக்கி வைக்காதே, விழித்ததும் அவன் கண்ணில் படட்டும்.

இந்தச் சபையில் இருக்கிற பெண்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. எந்த நாட்டில், எந்த மொழியில் பாடினால் என்ன, குடிப்பவன் வீட்டில் பெண் செய்யும் வேலை ஒன்றுதான். மறைப்பது, சமாளிப்பது, மன்னிப்பது. அதைத் தியாகம் என்று மேடைபோட்டுப் புகழ்ந்து, அவளை இன்னும் பத்து வருஷம் அதிலேயே இருக்க வைக்கிறோம். எதிரணி நண்பர்களின் பேச்சில் எனக்கு உள்ளபடியே வருத்தம் தந்தது அதுதான். ஜீனைக் "கல்நெஞ்சக்காரி" என்று ஒருவர் சொன்னார். ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினால் கல்நெஞ்சமா?

கண்டிப்பு என்றால் அறையில் போட்டுப் பூட்டுவது, அடிப்பது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். நாள்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடியை விட்டால்தான் என்னோடு வாழலாம் என்பது கண்டிப்பு. விடுவதற்கான சிகிச்சை மருத்துவர் கையில் இருக்க வேண்டும்.

கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் பற்றியும் எதிரணி பேசியது. கார் சாவியை ஒளித்து வைத்தால், புல் வெட்டும் வண்டியில் ஏறி மதுக்கடைக்குப் போன மனுஷர். சபை சிரித்தது. அவர் வீட்டில் இருந்தவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. நான்காவது மனைவி நான்ஸிதான் தன்னைக் காப்பாற்றினார் என்று ஜோன்ஸ் சொன்னது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கல்யாணம் 1983-இல். 1999 மார்ச்சில் ஜோன்ஸ் குடித்துவிட்டு ஓட்டிய கார் நாஷ்வில் அருகே ஒரு பாலத்தில் மோதி, உயிர் ஊசலாடியது. வழக்கு வந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார், சிகிச்சைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குப் பிறகுதான் முழுக்க விட்டார், 2013-இல் இறக்கும் வரை தொடவில்லை. நான்ஸியின் அன்பு அவரை அந்த நாள் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தது. கடைசிப் படியைக் கடக்க வைத்தது பாலமும் நீதிமன்றமும்.

2010-இல் வந்த 'கன்ட்ரி ஸ்ட்ராங்' படத்தை யாரும் தொடவில்லை, நான் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன். அதில் குடிக்கு அடிமையான பாடகி கெல்லி கேன்டரைச் சிகிச்சை முடியும் முன்பே வெளியே அழைத்து வந்து, கச்சேரிப் பயணத்துக்குக் கிளப்புகிறவர் அவருடைய கணவர். அவள் மேடையில் நின்றால் சரியாகிவிடுவாள் என்று நம்புகிறார். கடைசிக் கச்சேரியில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. அதே இரவில் அவள் மாத்திரைகளை விழுங்கிச் சாகிறாள்.

முடிக்கும் முன், எதிரணி அம்மையாரின் கேள்விக்குத் திரும்புகிறேன். பேட் ப்ளேக் சிகிச்சை முடித்து, தெளிந்த முகத்தோடு ஜீன் வீட்டுக்குப் போய் நின்றாரே, அப்போதாவது ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாதா என்றார். பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் ஜீன் அன்றைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தால் அவருடைய தெளிவு எதற்காக என்று ஆகியிருக்கும்? ஜீனை வாங்குவதற்கான விலை என்று ஆகியிருக்கும். அவள் என்றைக்காவது கோபித்துக்கொண்டால், போ, உனக்காகத்தானே விட்டேன் என்று மறுபடி பாட்டிலைத் திறக்கலாம். அவள் மறுத்த பிறகும் அவர் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போனார், பாதியில் நின்ற பாட்டை முடித்தார், தன்னிடம் தொழில் கற்று இன்று பெரிய நட்சத்திரமாகிவிட்ட டாமி ஸ்வீட்டுக்குக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்த பாட்டு அது.

16 மாதம் கழித்து இருவரும் சந்திக்கிறார்கள். ஜீன் விரலில் வேறொருவர் போட்ட மோதிரம். அந்தப் பாட்டின் மூலம் வந்த பணத்தின் காசோலையை பேட் ப்ளேக் நீட்டுகிறார், பையனுக்கு 18 வயதாகும்போது கொடுக்கச் சொல்கிறார். முதல் காட்சியில் விஸ்கிக்குக் காசில்லாமல் நின்றவர், இப்போது வேறொரு வீட்டுப் பிள்ளையின் எதிர்காலத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுக்கிறார். வாங்கிக்கொள்ள ஜீன் தயங்குகிறார், இவர் விடவில்லை. பதிலுக்கு எதையும் கேட்கவும் இல்லை. எதிரணியினர் இதைச் சோக முடிவு என்றீர்கள். ஐயா, உயிரோடு இருக்கிறார், பாடுகிறார், எழுதுகிறார், பிள்ளை பத்திரமாக வளர்கிறான், ஜீன் நிம்மதியாக இருக்கிறார். இவர்களில் யாருக்காக நாம் அழ வேண்டும்?

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்த வணிக வளாகத்தில் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடியவரையும், பிறகு போனை எடுத்தவரையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, கண்டிப்பே என்ற எங்கள் அணியின் வாதத்தை உங்கள் முன் வைத்து விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.